விழித்திருக்கையில் எடுக்கப்படும் ஞானப்பல்

ஞானப்பல் என்பது தாடையின் கடைக்கோடியில், மற்ற எல்லாப் பற்களுக்கும் பிறகு முளைக்கும் மூன்றாவது கடைவாய்ப்பல். மேலே இரண்டும் கீழே இரண்டுமாக மொத்தம் நான்கு. சிறு வயதிலேயே எலும்புக்குள் அதன் தலைப்பகுதி உருவாகத் தொடங்கிவிடும். ஆனால் ஈறுக்கு மேல் அது தலைகாட்டுவது 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில்தான். அதற்குள் மற்ற பற்கள் தாடையை நிரப்பிவிடுகின்றன. இடமில்லாத தாடையில் கடைசியாக வரும் பல் முன்பக்கம் சாய்ந்து பக்கத்துப் பல்லில் முட்டிக்கொள்ளும். சில வாய்களில் படுத்தே கிடக்கும். சிலவற்றில் எலும்புக்குள்ளேயே புதைந்துவிடும். சுமார் ஐந்தில் ஒருவருக்கு ஒரு ஞானப்பல்லாவது உருவாவதே இல்லை. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஒன்றாவது புதைந்து நிற்கிறது. புதைந்த பல் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்து ஜார்ஜ் விண்டர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1926இல் செய்த வகைப்பாட்டைத்தான் இன்றும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள்.

முழுவதும் புதைந்த பல் பல ஆண்டுகள் தொல்லை தராமல் இருக்கலாம். பாதி வெளியே, பாதி உள்ளே என்று நிற்கும் பல்தான் பெரும்பாலும் மருத்துவரிடம் கொண்டு சேர்க்கிறது. அதன் மேல் ஈறு ஒரு மூடியைப் போலப் படிந்திருக்கும். அந்த மூடிக்கு அடியில் போய்ச் சேரும் சோற்றுப் பருக்கையை எந்த பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. கிருமி பெருகி, ஈறு வீங்கி, சீழ் கட்டி, வாயைத் திறக்க முடியாமல் போகும். விழுங்கும்போது தொண்டை வரை வலிக்கும், காதுக்குள்ளும் குத்தும். காது வலி என்று காது மருத்துவரிடம் போய், அங்கிருந்து பல் மருத்துவரிடம் அனுப்பப்படுபவர்கள் உண்டு.

இக்கட்டுரையில் வரும் அனுபவ விவரங்கள், சென்னையில் ஒரு பல் மருத்துவமனையில் இடப்பக்கக் கீழ் ஞானப்பல்லையும் அதற்கு நேர் மேலே இருந்த பல்லையும் முழு விழிப்பில் எடுத்துக்கொண்ட ஒருவரின், அதாவது இதை எழுதியவரின், நினைவிலிருந்து வருபவை. அவருக்கு அப்போது வயது இருபதுகளின் நடுப்பகுதி. கீழ்ப்பல் முன்பக்கம் சாய்ந்து, இரண்டாவது கடைவாய்ப்பல்லின் இடுப்பில் தலையை ஊன்றி நின்றது. வீக்கம் வந்து வந்து அடங்கியது. ஒவ்வொரு முறையும் மாத்திரையில் தணிந்து, சில மாதங்களில் மீண்டும் வந்தது.

வீங்கியிருக்கும்போதே பல்லை எடுக்கச் சொல்லிக் கேட்பவர்களிடம் மருத்துவர்கள் பெரும்பாலும் சில நாள் பொறுக்கச் சொல்கிறார்கள். இதற்கு வேதியியல் காரணம் ஒன்று உண்டு. மரப்பு மருந்து நரம்பின் சவ்வைத் தாண்டி உள்ளே போக வேண்டுமானால், அதன் மூலக்கூறுகள் மின்னூட்டம் இல்லாத வடிவில் இருக்க வேண்டும். சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடுதல். அங்கே பெரும்பாலான மூலக்கூறுகள் மின்னூட்டம் பெற்றுவிடுவதால் உள்ளே போவது குறைந்துவிடுகிறது. எனவேதான் அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகளைக் கொடுத்து வீக்கத்தை வடியவிட்டுப் பிறகு நாள் குறிக்கிறார்கள். இந்தக் காரணத்தை நோயாளிக்குச் சொல்பவர்கள் குறைவு. சொல்லாமல் விட்டால் மருத்துவர் காலம் கடத்துகிறார் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இதை எழுதியவருக்கும் அன்று அப்படித்தான் தோன்றியது.

அடுத்தது எக்ஸ்-ரே. ஓபிஜி எனப்படும் படத்தில் இரண்டு தாடைகளும் எல்லாப் பற்களும் ஒரே தாளில் விரிந்து தெரியும். நின்ற நிலையில் மோவாயை ஒரு தாங்கியில் வைத்து முன்பற்களால் ஒரு கட்டையைக் கடித்துக்கொண்டால், கருவி தலையைச் சுற்றிவந்து படமெடுக்கும். மருத்துவர் அந்தப் படத்தில் முதலில் தேடுவது பல்லை அல்ல. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு கால்வாய் ஓடுகிறது. கீழ்ப்பற்களுக்கும் கீழ் உதட்டுக்கும் உணர்வு தரும் நரம்பு அதற்குள் இருக்கிறது. ஞானப்பல்லின் வேர் அந்தக் கால்வாயைத் தொடுகிறதா, எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே கேள்வி. நாக்குக்கு உணர்வு தரும் நரம்போ எக்ஸ்-ரேயில் தெரியாது. அது எலும்பின் உட்புறத்தை ஒட்டி, சிலருக்கு ஈறுக்கு வெகு அருகில் போகிறது. இவ்விரண்டில் எது அடிபட்டாலும் உதடோ நாக்கோ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மரத்துப்போகலாம். மிகச் சிலருக்கு அது நிலைத்துவிடுவதும் உண்டு. ஒப்புதல் படிவத்தில் இருக்கும் வரிகளில் நிதானமாகப் படிக்க வேண்டியது இதுவே.

முழு மயக்கம் கொடுத்தும் ஞானப்பல்லை எடுக்கலாம். நான்கு பற்களையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டியிருந்தால், பல் மிக ஆழத்தில் புதைந்திருந்தால், நோயாளியின் அச்சம் கட்டுக்கடங்காததாக இருந்தால் அதுவே பொருத்தம். அமெரிக்காவில் சிரை வழியாக மயக்க மருந்து கொடுத்து எடுப்பது பரவலான வழக்கம். தமிழ்நாட்டில் பெரும்பாலான ஞானப்பற்கள் மரப்பு ஊசியிலேயே எடுக்கப்படுகின்றன. செலவு குறைவு, அன்றே வீடு திரும்பலாம், மயக்க மருந்தின் ஆபத்துகள் இல்லை. இன்னொரு வேறுபாடு வயிற்றில் இருக்கிறது. முழு மயக்கத்துக்கு வெறும் வயிறு கட்டாயம். மரப்பு ஊசிக்கோ சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். பசியும் பயமும் சேர்ந்தால் ஊசி போட்ட உடனே ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழுகிறவர்கள் உண்டு. அறுவைச் சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டார் பட்டினி போட்டு அனுப்பிவைப்பது இங்கே சாதாரணமாக நடக்கிறது. இந்த நோயாளியும் அப்படித்தான் வந்து சேர்ந்தார். வரவேற்பில் இருந்த அம்மா கேட்டு அறிந்து, கீழே போய் இரண்டு இட்லி சாப்பிட்டு வரச் சொல்லி அனுப்பினார்.

ஊசியின் வரலாறு பல் மருத்துவத்தோடு நெருங்கிப் பிணைந்தது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் 1844 டிசம்பர் 11 அன்று நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்துவிட்டுத் தன் கடைவாய்ப்பல் ஒன்றையே பிடுங்கவைத்துக்கொண்டார். அது நினைவிழக்கச் செய்யும் வழி. விழித்திருக்கும்போதே ஒரு பகுதியை மட்டும் மரக்கவைக்கும் வழி நாற்பது ஆண்டுகள் கழித்து வந்தது. 1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் கொக்கெயின் கரைசலால் கண்ணை மரக்கச் செய்ய முடியும் என்று காட்டினார். சில மாதங்களுக்குள் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட்டும் ரிச்சர்ட் ஹாலும் அதே மருந்தை ஊசி வழியாக நரம்பின் அருகில் செலுத்தி, கீழ்த்தாடையின் ஒரு பக்கத்தை முழுவதும் மரக்கவைத்தார்கள். தங்கள் உடலிலேயே சோதித்துப் பார்த்த அவ்விருவரும் கொக்கெயினுக்கு அடிமையானார்கள். இன்று ஞானப்பல்லுக்காகப் போடப்படும் ஊசி, இடமும் கோணமும் ஏறத்தாழ அவர்கள் போட்ட ஊசியே. மருந்து மட்டும் மாறிவிட்டது.

இன்றைய மருந்தான லிக்னோகைன் ஸ்வீடனில் பிறந்தது. 1930களில் ஸ்டாக்ஹோமில் பார்லிப் பயிரிலிருந்து கிடைத்த ஒரு பொருளை ஆராய்ந்துகொண்டிருந்த ஹோல்கர் எர்ட்மன், அதைப் போன்ற ஒரு சேர்மத்தைத் தயாரித்து நாவில் வைத்துப் பார்த்தார். நாக்கு மரத்துப்போனது. அவரோடு வேலை செய்த நில்ஸ் லோஃப்கிரன் அந்தத் தடத்தை விடாமல் தொடர்ந்து 1943இல் லிக்னோகைனை உருவாக்கினார். பெங்ட் லுண்ட்க்விஸ்ட் என்ற இளைஞர் அதைத் தன் உடலில் செலுத்திக்கொண்டு சோதித்தார். 1948இல் அது சைலோகைன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பல் மருத்துவமனையில் போடப்படும் கரைசலில் லிக்னோகைன் 2 சதவீதம். கூடவே மிகச் சிறிய அளவில், பெரும்பாலும் 80,000இல் ஒரு பங்கு, அட்ரினலின். அட்ரினலின் அந்த இடத்து ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் மருந்து அங்கேயே தங்குகிறது. ரத்தக் கசிவும் குறைகிறது. ஊசி போட்டதும் சிலருக்கு நெஞ்சு படபடப்பது பயத்தால் மட்டும் அல்ல, இந்த அட்ரினலினாலும்தான். இதயக் கோளாறு இருப்பவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது இதனால்தான்.

கீழ்த்தாடைக்கான ஊசி, எடுக்கப்போகும் பல்லுக்கு அருகில் போடப்படுவதில்லை. கீழ்த்தாடையின் பக்கவாட்டு எலும்பு கெட்டியானது; மேலே போட்டால் மருந்து ஊடுருவாது. ஆகவே நரம்பு எலும்புக்குள் நுழையும் வாசலுக்கே போக வேண்டும். மருத்துவர் கட்டைவிரலைக் கன்னத்துக்குள் விட்டு எலும்பின் விளிம்பைத் தடவிக் கண்டுபிடிக்கிறார். சிரிஞ்சு வாயின் எதிர்ப்பக்கத்திலிருந்து குறுக்கே வருகிறது. ஊசி இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போய் எலும்பில் முட்டி நிற்கும். ரத்தக் குழாய்க்குள் போகவில்லை என்று பின்னிழுத்துப் பார்த்துவிட்டு, மருந்தை மெல்ல மெல்லச் செலுத்த வேண்டும். வேகமாகச் செலுத்தினால்தான் அதிகம் வலிக்கும். இந்த நோயாளி பயந்தது ஊசி முனைக்கு. ஆனால் உணர்ந்தது ஒரு சிறு சுருக்கும், அதன் பிறகு தாடைக்குள் ஏதோ நிரம்புவது போன்ற கனமும்தான். மேல்தாடைக்காக அண்ணத்தில் போட்ட ஊசி வேறு. அங்கே தோல் எலும்போடு இறுகி ஒட்டியிருப்பதால் மருந்துக்கு இடமே இல்லை. அன்று போட்ட ஊசிகளில் உண்மையாக வலித்தது அந்தச் சில விநாடிகள் மட்டுமே. நாக்கில் சொட்டிய மருந்தின் கசப்பு நெடுநேரம் இருந்தது.

பிறகு காத்திருப்பு. முதலில் கீழ் உதட்டின் ஒரு பாதியில் குறுகுறுப்பு; பிறகு தடிப்பு; பிறகு உதடே இல்லாதது போன்ற நிலை. நாக்கின் இடப்பக்கமும் அப்படியே. மருத்துவர் திரும்பத் திரும்ப உதட்டைப் பற்றியே விசாரிப்பது ஏன் என்று நோயாளிக்கு அப்போது விளங்கவில்லை. நரம்புத் தடத்தில் கடைவாய்ப்பற்களுக்குப் போகும் இழைகள் வெளிச்சுற்றிலும், உதட்டுக்கும் முன்பற்களுக்கும் போகும் இழைகள் நடுவிலும் இருக்கின்றன. மருந்து வெளியிலிருந்து உள்ளே ஊறுகிறது. உதடு மரத்துவிட்டால் கடைவாய்ப்பல் அதற்கு முன்பே மரத்திருக்கும். ஒரு கூர்முனைக் கருவியால் ஈறைக் குத்திப் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் கத்தி கைக்கு வரும்.

விழிப்பில் செய்யப்படும் சிகிச்சையில் நோயாளி தெரிந்துகொள்ள வேண்டிய முதன்மையான செய்தி ஒன்று இருக்கிறது. மரப்பு ஊசி வலியை நிறுத்தும்; அழுத்தத்தை நிறுத்தாது. லிக்னோகைன் நரம்பிழைகளில் சோடியம் நுழையும் வாயில்களை உள்ளிருந்து அடைக்கிறது. வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகள் குறைந்த மருந்திலேயே அடங்கிவிடுகின்றன. அழுத்தத்தைச் சுமக்கும் தடித்த இழைகள் எளிதில் அடங்குவதில்லை. தவிர, பல்லின் மேல் கொடுக்கும் விசை தாடை மூட்டுக்கும் கழுத்துக்கும் போய்ச் சேர்கிறது. அங்கே மருந்து இல்லை. எனவே தள்ளுவது, அழுத்துவது, அசைப்பது எல்லாம் தெரியும். இதைச் சொல்லாமல் தொடங்கினால், முதல் அழுத்தத்திலேயே மருந்து வேலை செய்யவில்லை என்ற முடிவுக்கு நோயாளி வந்துவிடுவார். அடுத்து வருவது வலிதான் என்று எதிர்பார்த்து உடல் முழுவதையும் இறுக்கிக்கொள்வார். அச்சத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. மருந்தால் அதைத் தீர்க்க முடியாது. இந்த நோயாளிக்கு வாய்த்த சர்ஜன் அதைச் சொன்னார். "அழுத்தறது தெரியும், சத்தம் கேட்கும். அதுக்குப் பயப்படாதீங்க. சுருக்குனு குத்துச்சுன்னா இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவேன்." இரண்டு மூன்று வாக்கியங்கள்தான். எந்த மருந்துச் சீட்டிலும் இடம்பெறாத அந்த வாக்கியங்களுக்கு அன்றைய சிகிச்சையில் ஊசிக்கு நிகரான இடம் உண்டு என்பது இதை எழுதியவரின் உறுதியான கருத்து.

முகத்தின் மேல் பச்சைத் துணி விரிக்கப்படும். வாய்க்கு மட்டும் திறப்பு. கண்ணை மூடும் துணி சிலருக்கு ஆறுதல், சிலருக்கு மூச்சு முட்டும். கேட்டால் கண்ணை விட்டுவிட்டு விரிப்பார்கள். ஈறைக் கீறி, எலும்போடு ஒட்டிய சவ்வோடு சேர்த்து மடலாக விலக்குகிறார்கள். இந்தக் கட்டத்தில் எதுவும் தெரியாது. கீறிவிட்டார்கள் என்பதே உதவியாளர் சக்‌ஷன் குழாயை உள்ளே வைத்தபோதுதான் இந்த நோயாளிக்குப் புரிந்தது. அடுத்து, பல்லைச் சுற்றியுள்ள எலும்பை மைக்ரோமோட்டாரில் பொருத்திய சிறு துரப்பணத்தால் அரித்து ஒரு வாய்க்கால் போலச் செய்வார்கள். அப்போது செலைன் நீர் இடைவிடாமல் ஊற்றப்படும். உராய்வுச் சூட்டில் எலும்பு 47 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஒரு நிமிடம் இருந்தாலே அதன் உயிரணுக்கள் கெடத் தொடங்கும். அந்த நீர் தொண்டைக்குள் போய்விடுமோ என்ற பதற்றம் படுத்திருப்பவருக்கு வரும். மூக்கால் மட்டும் மூச்சு விட்டு, நாக்கைப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டால் குழாய் அதை உறிஞ்சிவிடும்.

சத்தம் இந்த அனுபவத்தின் பெரிய பகுதி. வெளியே நிற்பவருக்குச் சிறு இரைச்சலாகக் கேட்பது, படுத்திருப்பவருக்கு மண்டையோட்டின் வழியாக நேரே உட்செவிக்குப் போகிறது. கிரைண்டர் தலைக்குள் ஓடுவது போல் இருக்கும். காதைப் பொத்தினாலும் குறையாது, ஏனெனில் அது காதின் வழியாக வருவதில்லை. முன்பெல்லாம் துரப்பணத்துக்குப் பதில் உளியும் சுத்தியலும் பயன்பட்டன. அந்த அடியை விழித்துக்கொண்டு தாங்கிய பழைய நோயாளிகளின் மன உறுதியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சாய்ந்த பல்லை முழுதாக இழுக்க முடியாது. முன்னால் இருக்கும் பல் தடுக்கிறது. ஆகவே அதைத் துண்டாக்குகிறார்கள். துரப்பணம் பல்லின் நடுவரை போனதும், எலிவேட்டர் என்ற நெம்புகருவியை அந்தப் பிளவில் விட்டுத் திருப்பினால் பல் இரண்டாகப் பிளக்கும். இந்தப் பல்லில் துரப்பணம் நடுப்பகுதியைத் தொட்டபோது ஒரு கூர்மையான மின்னல் வலி வந்தது. கை உயர்ந்தது. மோட்டார் அந்தக் கணமே நின்றது. கீழ்த்தாடை ஊசி மற்ற பல் ஊசிகளைவிட அதிகமாகத் தவற வாய்ப்புள்ளது. சரியாக விழுந்தாலும், பல்லின் உயிர்ச்சதையில் சிறிது உணர்வு மிஞ்சுவது உண்டு. சர்ஜன் இன்னும் சிறிது மருந்தைப் பல்லுக்குள்ளேயே செலுத்தினார். பிறகு அந்த வலி திரும்பவில்லை. வலித்தது ஒரு கணம்தான். ஆனால் கையைத் தூக்கினால் நிற்கும் என்பது மெய்ப்பட்டதும் நோயாளியின் தோள்கள் தாமாகத் தளர்ந்தன. சொன்ன சொல் காப்பாற்றப்படுவது உடலுக்கும் தெரிகிறது.

எலிவேட்டரின் திருகல்தான் அழுத்தம் மிகுந்த கட்டம். உதவியாளர் கீழ்த்தாடையை அடியிலிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மூட்டு நோகும். பல் பிளந்தபோது கேட்ட முறியும் ஓசை, எலும்பே உடைந்துவிட்டது என்று நினைக்கவைக்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தது. "பல்தான், பயப்படாதீங்க தம்பி" என்றார் உதவியாளராக இருந்த அக்கா, யாரும் கேட்காமலே. விழித்திருக்கும் நோயாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். "கொஞ்சம் ரத்தம் அதிகமா வருது", "வேர் வளைஞ்சிருக்கு" போன்ற தொழில் பேச்சு, பேசுபவர்களுக்குச் சாதாரணம். துணிக்கு அடியில் படுத்திருப்பவருக்கு அப்படியல்ல. அன்று அந்த அறையில் இருந்தவர்கள் அப்படிப்பட்ட ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் ஒரு விளக்கத்தையும் சேர்த்தே பேசினார்கள். இது தனித் திறமை. பல் மருத்துவக் கல்லூரிகளில் ஈறைக் கீறக் கற்றுத்தருவதைப் போலவே இதையும் கற்றுத்தர வேண்டும்.

தலைப்பகுதி முதலில் வந்தது. பிறகு வேர்கள் ஒவ்வொன்றாக. மேல் ஞானப்பல் அதற்கு நேர்மாறு. மேல்தாடையின் எலும்பு மென்மையானது. அந்தப் பல் நேராக முளைத்திருந்தது. எடுத்துவிட்டதைச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. குழியைச் செலைனால் கழுவி, எலும்பின் கூரிய விளிம்புகளை மழுக்கி, ஈற்று மடலைப் பழைய இடத்தில் வைத்து கறுப்புப் பட்டு நூலால் தைத்தார்கள். நூல் கன்னத்தின் உட்புறத்தில் உரசிக்கொண்டு போவது தெரிந்தது, ஊசி தெரியவில்லை. முழு நேரமும் வாயை அகலத் திறந்து வைத்திருந்ததால் ஏற்பட்ட தாடை மூட்டுக் களைப்பு, வெட்டிய இடத்தைவிட அதிகமாக நினைவில் நிற்கிறது. பற்களுக்கு நடுவே ரப்பர் கட்டை ஒன்றை வைத்துக் கடிக்கச் சொன்னால் அந்தக் களைப்பு பெரிதும் குறையும். வைக்காத இடத்தில் நோயாளியே கேட்டுப் பெறலாம்.

மடித்த காஸ் துணியைக் கடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்த பிறகு வரும் விதிகள் எல்லாம் ஒரே பொருளைக் காப்பாற்றவே: குழிக்குள் உறையும் ரத்தக் கட்டி. துப்பக் கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது, அன்று வாய் கொப்பளிக்கக் கூடாது, புகை பிடிக்கவே கூடாது. எச்சிலை விழுங்கிவிட வேண்டும். ரத்தம் கலந்த எச்சிலை விழுங்கச் சொன்னால் வீட்டில் இருப்பவர்கள் பதறுவார்கள். அதில் கெடுதல் இல்லை. மருந்தின் ஆட்சி உதட்டிலும் நாக்கிலும் மூன்று முதல் ஐந்து மணி நேரம் நீடிக்கும். அதுவரை சூடானது எதையும் வாயில் வைக்கக் கூடாது; உதட்டைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது, காபி சுட்டாலும் தெரியாது. கண்ணாடியில் பார்த்தால் உதடு வழக்கம்போல இருக்கும். தொட்டால் இரண்டு மடங்கு பெரிதாகத் தோன்றும். வலி மாத்திரையை மரப்பு முழுவதும் விடுவதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. வலி வந்த பிறகு போட்டால் அது வேலை செய்யும் வரை காத்திருக்க நேரிடும்.

முதல் நாள் ஐஸ்கட்டி ஒத்தடம். வீக்கம் இரண்டாம் நாளிலும் மூன்றாம் நாளிலும் உச்சத்துக்குப் போகும். இது தெரியாதவர்கள் சிகிச்சை கெட்டுவிட்டது என்று அஞ்சி ஓடுகிறார்கள். சாப்பாடு குளிர்ந்த, குழைந்த தயிர்சாதம், ஆறிய கஞ்சி, பாலில் ஊறிய இட்லி. மிளகாய்ப் பொடிக்கும் முறுக்குக்கும் சில வாரம் விடுப்பு. மறுநாள் முதல், உணவுக்குப் பிறகு வெதுவெதுப்பான உப்பு நீரால் மெதுவாக அலச வேண்டும். மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் வலி குறைவதற்குப் பதில் கூடி, காது வரை பரவி, வாய் நாறத் தொடங்கினால், ரத்தக் கட்டி கரைந்து எலும்பு திறந்துகிடக்கிறது என்று பொருள். உலர்குழி எனப்படும் இந்த நிலை புகைப்பவர்களுக்கு அதிகம் வருகிறது. மருத்துவர் குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெயின் சாரமான யூஜெனால் தோய்ந்த மருந்தை வைத்தால் சில நிமிடங்களில் தணியும். இந்த நோயாளிக்கு அது வரவில்லை. கன்னம் வீங்கி, தாடையின் அடியில் நீலமும் மஞ்சளுமாக நிறம் மாறி, வாரக் கடைசியில் அடங்கியது.

ஏழாம் நாள் வாக்கில் தையல் பிரிப்பார்கள். பட்டு நூல் தானாகக் கரையாது. பிரிக்க ஊசி தேவையில்லை. சிறு இழுப்பு மட்டும். ஈறு மூடச் சில வாரம் ஆகும். அதுவரை குழிக்குள் உணவு சேரும், ஊசியில்லாத சிரிஞ்சில் நீர் எடுத்துப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். குழிக்குள் புதிய எலும்பு நிரம்பப் பல மாதங்கள் பிடிக்கும். இரண்டாவது கடைவாய்ப்பல்லின் பின்புறம், ஞானப்பல் இத்தனை நாள் சாய்ந்து நின்ற இடத்தில், ஒரு சிறு சொத்தை வெளிப்பட்டது, அது அடைக்கப்பட்டது. சாய்ந்த ஞானப்பல்லைக் காலம் கடத்தி எடுப்பதன் இழப்பு பெரும்பாலும் அதன் முன்னால் நிற்கும் நல்ல பல்லுக்கே நேர்கிறது.

வலப்பக்கக் கீழ் ஞானப்பல் எலும்புக்குள் முழுவதும் புதைந்திருந்தது. வேர்கள் நரம்புக் கால்வாயை ஒட்டியிருந்தன. அந்தப் பல்லால் எந்தத் தொல்லையும் இல்லை. ஒரு பக்கம் எடுத்தாயிற்று, மறுபக்கத்தையும் எடுத்துவிடலாம் என்று நோயாளிகளே கேட்பது உண்டு. நோயில்லாத புதைந்த ஞானப்பல்லை வருமுன் காப்பாக எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2000இல் வழிகாட்டியது. மற்ற நாடுகளில் மருத்துவர்களிடையே இது பற்றி மாறுபட்ட கருத்துகள் உள்ளன. இங்கே சர்ஜன் அதை விட்டுவைக்கச் சொன்னார். அந்தப் பல்லும் அதற்கு மேலே நேராக முளைத்த பல்லும் அப்படியே இருக்கின்றன. பல் பரிசோதனைக்குப் போகும்போது புதைந்த பல்லைச் சுற்றி நீர்க்கட்டி ஏதும் உருவாகிறதா, முன்னால் உள்ள பல்லின் வேர் அரிக்கப்படுகிறதா என்று தேவைப்பட்டால் எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கிறார்கள்.